மூன்றாம் வரிசைச் சிரிப்பு

"ராஜா ராணி எல்லாரும் உட்காருங்க, ரதம் கிளம்பப் போகுது," என்று சொல்லிவிட்டுத்தான் ரோண்டா பில்ஸ்கி பள்ளிப் பேருந்தின் கதவை மூடுவாள். ஒஹாயோவில் பிப்ரவரி மாதக் காலையில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு வண்டியெடுக்கும் யாருக்கும் வாய் திறக்க மனம் வராது. ரோண்டாவுக்கு வரும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு குரல் வைத்திருக்கிறாள். தேவாலய முனைக்குப் பாதிரியார் குரல். தீயணைப்பு நிலையத்துக்கு மூக்கடைத்த கிழவர் குரல். மாற்றிச் சொன்னால் பிள்ளைகள் விடமாட்டார்கள். "மிஸ், இது பாதிரியார் ஸ்டாப்பு. மறுபடி ஒழுங்கா சொல்லுங்க," என்று இறங்காமல் நிற்பார்கள்.

ஐம்பதைத் தாண்டிவிட்டாள். ஆள் குள்ளம், சிரிப்பு மட்டும் ஊர் கொள்ளாது. அடிவயிற்றில் தொடங்கி, நடுவில் மூச்சுத் திணறி, கடைசியில் கீச்சென்று ஒரு விசிலோடு ஓயும். உள்ளூர் நாடகக் குழுவினர் அவளிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்குவதில்லை. மூன்றாம் வரிசையின் நடு நாற்காலி அவளுடையது. நகைச்சுவை எடுபடாமல் அரங்கம் கல்லாக உட்கார்ந்திருக்கும்போது ரோண்டா ஒருமுறை சிரித்தால் போதும், ஈர விறகு பற்றிக்கொண்டதுபோல் ஒவ்வொருவராகத் தொடங்கிவிடுவார்கள்.

அவளும் நாடகம் படித்தவள்தான். அவளுடைய அப்பா ஸ்டான் படித்த அதே கல்லூரியில் படித்தாள். அங்கே மதிப்பெண் மட்டும் போதாது. ஆசிரியர்கள் முன்னால் நடித்துக் காட்டினால்தான் இடம். ஆனாலும் பழைய மாணவர் வீட்டுப் பிள்ளை என்றால் தராசு கொஞ்சம் சாயும் என்பது எல்லாரும் அறிந்த ரகசியம். "அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு வந்தவ" என்று கூடப் படித்தவர்கள் நான்கு வருடமும் சீண்டினார்கள். சிரித்தே சமாளித்தாள். ஆனால் நல்ல வேடம் கிடைத்தபோதெல்லாம், அது தனக்குக் கிடைத்ததா அப்பாவின் பெயருக்குக் கிடைத்ததா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு வேறு மேடைகளில் போய் நிற்கத் துணிவில்லாமல் ஊருக்கே திரும்பிவிட்டாள்.

"எனக்குத் திறமை இருந்துச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியாதுடி," என்று மகள் டெஸ்ஸிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

டெஸ் அதை மறக்கவில்லை. இந்த வருடம் அதே கல்லூரியின் நாடகத் துறைக்கு அவள் விண்ணப்பித்தபோது அவள் யார் வீட்டுப் பிள்ளை என்பதை மறைக்க உதவியது அவள் தந்தையின் குடும்பப் பெயர். பில்ஸ்கி வீட்டுப் பெண் என்று யாருக்கும் தெரியாது. அதில் ஒரு சிக்கலும் இருந்தது. தேர்வுக் குழுவின் தலைவி பெவர்லி, ரோண்டாவோடு நான்கு வருடம் ஒரே அறையில் தங்கியவள்.

ஸ்டானுக்குப் பொறுக்கவில்லை. "பெவர்லிக்கு ஒரு போன் போட்டா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?"

"முத்து உதிராதுப்பா. எம்பொண்ணுதான் என்கூடப் பேசமாட்டா."

"இடம் கிடைக்காமப் போனா?"

"ரெண்டு நாள் அழுவா. நம்மால வந்துச்சா, அவளால வந்துச்சான்னு தெரியாம முப்பது வருஷம் பஸ் ஓட்டிக்கிட்டு இருக்கமாட்டா."

கிழவருக்கும் அது வலித்திருக்கும். ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவினார்.

தேர்வன்று கல்லூரி வாசலில் டெஸ் விரலை நீட்டி எச்சரித்தாள். "நீ காரைவிட்டு இறங்கக் கூடாது. உன் சிரிப்பு காதுல விழுந்தா போதும், பெவர்லி கண்டுபிடிச்சிடுவாங்க."

"கார்ல பூட்டி வைக்க நான் என்ன நாய்க்குட்டியாடி?"

"அதான் நாய்க்குட்டி மூச்சு விட ஜன்னலக் கொஞ்சம் திறந்து வெச்சிட்டுப் போறேனே," என்று கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டே போனாள். குளிரடித்தும் ரோண்டா அதை ஏற்றவில்லை.

இறங்கவே கூடாது என்றுதான் இருந்தாள். வழியில் குடித்த பெரிய கோப்பைக் காப்பி விடவில்லை. தொப்பியைக் கண் வரை இழுத்துக்கொண்டு, தான் படித்த காலத்துப் பின்வாசல் வழியாகக் கழிப்பறைக்குப் போனாள். திரும்பும் வழியில் ஒரு கதவுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. கால் நகரவில்லை.

கல்யாண நாளில் மோதிரத்தைக் கழிப்பறைக் கோப்பைக்குள் தவறவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்ட மணப்பெண், வெளியே நிற்கும் மாமியாரைச் சமாளிக்கும் காட்சி. "அத்தை, மோதிரம் எங்கயும் போகல. எங்க கிடக்குன்னு கண்ணுக்கே தெரியுது. உள்ள கைய விடத்தான் மனசு வரல." சொல்லிவிட்டு டெஸ் நிறுத்தினாள். சிரிப்புக்காக விட்ட இடம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

அந்த மௌனம் ரோண்டாவுக்குப் பழக்கமானது. மூன்றாம் வரிசையிலிருந்து எத்தனையோ முறை அதை உடைத்திருக்கிறாள். இப்போதும் ஒரு சிரிப்பு போதும், உள்ளே பற்றிக்கொள்ளும். பெவர்லிக்கும் இது யார் பெற்ற பெண் என்று தெரிந்துபோகும். சிரிப்போ அடிவயிற்றிலிருந்து கிளம்பியே விட்டது. கம்பளிக் கையுறையைக் கழற்றி வாய்க்குள் முழுசாகத் திணித்துக்கொண்டாள்.

உள்ளே யாரோ மூக்கால் சிரித்தார்கள். பெவர்லிதான். நான்கு வருடம் கேட்ட சிரிப்பு ஆயிற்றே. பிறகு இன்னொருவர், பிறகு எல்லாரும்.

ரோண்டா கண்ணில் நீர் வழிய, வாயில் கையுறையோடு, பூனைபோல் அடியெடுத்துக் காருக்குத் திரும்பினாள். கதவைச் சாத்தினாள். மகள் திறந்துவிட்டுப் போன ஜன்னலை மேலே முட்டும் வரை ஏற்றினாள். அதற்குப் பிறகுதான் கையுறையை வாயிலிருந்து எடுத்தாள்.