எழுதாமல் விட்ட ஊசி

எனக்குத் தாதி வேலை பழக்கிய தவமலர் மிஸ்ஸி போய்விட்டார் என்ற செய்தியை மருந்து ஏற்றி வந்த லொறிச் சாரதிதான் சொன்னார். மாரடைப்பாம். கடமைக்கு வெளிக்கிட்டுச் செருப்பு மாட்டும்போதே விழுந்தாராம். வார்ட்டில் என்னை மாற்றிவிட ஒருவரும் இல்லை. நாலு பேருக்கு ஊசி போட்டு முடித்த பிறகுதான் அழுதேன்.

செத்தவீட்டில் எல்லோரும் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். ஒருவர் மட்டும், "மிஸ்ஸியின்ர கையால ஒரேயொரு பிழைதான் நடந்தது, அதை மறப்பம்" என்றார். எந்தப் பிழை என்று மிஸ்ஸியை அறிந்த உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது பாதிதான்.

சண்டையால் இடம்பெயர்ந்த எங்கள் ஆஸ்பத்திரி அப்போது ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தது. பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகளைச் சேர்த்துக் கட்டிக் கட்டிலாக்கியிருந்தோம். முறையாகப் படித்த தாதி மிஸ்ஸி ஒருவர்தான். நானும் இன்னொருத்தியும் அவரே ஆறு மாதம் பழக்கியெடுத்த தொண்டர்கள். ஆள் கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்தது, ஆள் வரவில்லை. "இந்தப் பதிலுக்கு வெள்ளைச் சட்டை போட்டு வார்ட்டில விடுவமே?" என்று சிரிப்பார்.

கடமை மாறும்போது போகிறவரும் வருகிறவரும் கட்டில் கட்டிலாகச் சேர்ந்து நடந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் கொடுத்த மருந்தை எழுதிவைக்கும் ரிக்கெற்றையும் வாசிக்க வேண்டும். அது அவருடைய சட்டம். "எழுதாத மருந்து குடுக்காத மருந்து, பிள்ளை" என்பார்.

அன்று மத்தியானம், மூளை மலேரியாவோடு கிடந்த ஐந்து வயதுப் பையனுக்கு நான் குயினைன் ஊசி போட்டேன். தாய் கிணற்றடிக்குப் போயிருந்தார். ரிக்கெற்றில் எழுதுவதற்குள் ஷெல்பட்ட சனத்தோடு உழவு இயந்திரம் வாசலுக்கு வந்துவிட்டது. பேனையை வைத்துவிட்டு ஓடினேன். முதல்நாள் முழுவதும் நின்று களைத்துப்போயிருந்த மிஸ்ஸி, கூப்பிட்ட உடனே திரும்பி வந்தார். கட்டில் கட்டிலாக நடக்க நேரமில்லை. அவர் பையனின் ரிக்கெற்றைப் பார்த்தார், எழுத்து இல்லை. ஊசியைப் போட்டார்.

பொழுதுபடமுன் பிள்ளை செத்துப்போனது.

"மிஸ்ஸி, நான் முதலே போட்டனான். எழுதேல்லை" என்றேன்.

அவர் பிள்ளையின் ரிக்கெற்றைக் கையில் எடுத்தார். "ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை."

"சொல்லாதையும். உம்மை நிப்பாட்டினால் நாளைக்கு இந்தச் சனத்தை ஆர் பாக்கிறது? நடந்து பாக்காமல் விட்டது நானுந்தானே."

இரண்டு ஊசியும் தானே போட்டதாக எழுதிக் கையெழுத்து வைத்தார். விசாரணை நடந்தது. அவருக்கு வரவேண்டிய பதவியுயர்வு பிறகு வரவேயில்லை. மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர் அந்தத் தாய். "எம் புள்ளைய கொன்னுட்டியே!" என்று மண் அள்ளித் தூற்றினார். மிஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் நான் நின்றேன். எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

அவர் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. வார்ட்டில் போதிய ஆட்கள் இருந்திருந்தால் அந்தப் பொய் தேவைப்பட்டிராது. இன்றும் மூன்று பேரின் வேலையை ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டு, பிழை வந்தால் மட்டும் யார் கையெழுத்தென்று தேடுகிறார்கள். தாதி வேலைக்குப் பிள்ளைகளைப் பயிற்றுங்கள், ஆள் தாருங்கள், பிழையை ஒத்துக்கொள்கிறவளை வேலையால் தூக்காதீர்கள். மிஸ்ஸி கடைசிவரை கேட்டதும் இவ்வளவுதான்.

என்னிடம் அவருடைய படம்கூட இல்லை. எனக்காக அவர் சுமந்த பிழை இருக்கிறது. அதை இனி என் பெயரில் வைத்துக்கொள்கிறேன். அந்தத் தாய் இப்போது நெடுங்கேணியில் இருக்கிறாராம். நாளைக்குப் போகிறேன். இந்த நினைவுக் குறிப்பை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பேன்.