அண்ணனுக்கு நான் குறித்த நாள்

என் அண்ணனைக் கொன்றது நான்தான். அண்ணன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். இரண்டும் உண்மை… உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருவரும்கூட முதலில் சிரித்தோம்.

நான் இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஓர் அறைக் காம்பிராவில் பிறந்தவள். கனடாவுக்குப் படிப்பு விசாவில் வந்து, பிறகு வேலை விசாவுக்கு மாறி, முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை விசா முடியும் தறுவாயில் நீட்டித்துத் தரும்படி எழுதிப் போட்டேன். பதில் ஓர் உறையில் வந்தது. மறுத்திருப்பார்களோ என்ற பயத்தில் அதை நான் பிரிக்கவே இல்லை! அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

நான்கு மாதம் அது அங்கேயே கிடந்தது. கடைசியில் பிரித்தபோது, ஒரேயொரு படிவத்தை நிரப்பி அனுப்பும்படிதான் கேட்டிருந்தார்கள். அதற்குள் விசா செத்துவிட்டிருந்தது.

பிறகு ஒருவாறு சரிக்கட்டி, நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளும் வந்தது. அந்த நான்கு மாத ஓட்டைக்கு விளக்கம் கேட்டார்கள். விண்ணப்பம் நிரப்பித் தருகிற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் போனேன். பயத்தில் உறையைப் பிரிக்கவில்லை என்று சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உதை எழுதேலாது, பிள்ளை. அந்த நாலு மாசத்துக்குள்ள வீட்டில ஆரும் மோசம் போனவையோ?"

யாராவது செத்தார்களா என்றுதான் கேட்டார். "எங்க அண்ணன்," என்றேன்.

எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று கேட்கிறீர்களா? யோசிக்கவே இல்லை! அப்பா எனக்கு ஆறு வயதாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மாவைச் சொல்ல வாய் வராது. அண்ணனைச் சொல்ல மட்டும் எப்படி வந்தது? எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு தேயிலை வெட்டப் போன அண்ணன். பதுளையில் நான் தங்கிப் படிப்பதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அண்ணன். அவரிடமிருந்தே எடுத்துப் பழகிய கை மறுபடியும் எடுத்தது… அதுதான் உண்மை. வேறு எந்த விளக்கமும் என்னிடம் இல்லை.

நாளையும் நான்தான் குறித்தேன். ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. அந்த ஓட்டைக்குள் சரியாகப் பொருந்துகிற நாள்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டார்:

"என்னைக்கு செத்தேன், பாப்பா?"

சொன்னேன். சிரித்தார். நானும் சிரித்தேன். ஆதாரமாக ஒரு மரண அறிவித்தல் வேண்டும் என்றேன். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தோடு அண்ணனே பதுளைக்கு பஸ் ஏறினார். அச்சுக்கூடத்தில் இருந்தவர் படத்தைப் பார்த்தாராம், அண்ணனைப் பார்த்தாராம். "கூடப் பொறந்தவரா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றாராம் அண்ணன். ஐம்பதுக்குக் குறைய அடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டதால் ஐம்பதாக அடித்துக்கொண்டு வந்தார். மூன்றை எனக்கு அனுப்பினார். மீதியைத் தகரப் பெட்டியின் அடியில் துணிக்குள் சுற்றி வைத்தார்.

"நான் செத்தது நல்லா வந்திருக்கு, பாப்பா. மூஞ்சி பளிச்சுன்னு இருக்கு," என்றார்.

எங்கள் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பொங்கலுக்குப் புடவை தேடிப் பெட்டியைக் கிளறியவள் அந்த அறிவித்தலில் மகனின் அழகான படத்தைக் கண்டிருக்கிறாள். அட்டையில் ஒட்டி, பொட்டு வைத்து, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். சாமிக்கு ஏற்றுகிற விளக்கு அண்ணன் படத்துக்கும் சேர்ந்தே எரிந்தது. வேலை முடிந்து வந்த அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார். கழற்றினால் ஏன் என்று அம்மா கேட்பாள். சொன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். விட்டுவிட்டார்.

லயத்தில் மற்றவர்களுக்குப் படிக்கத் தெரியுமே! அவர்களிடம், ஜாதகத்தில் கண்டம் இருக்கிறது, இது ஜோசியர் சொன்ன பரிகாரம், அம்மாவுக்குத் தெரிந்தால் பலிக்காது என்று சொல்லி வைத்தார். நம்பினார்கள். நம்பியதுதான் வினையாயிற்று. அதன் பிறகு அவர் கையில் யாரும் எதையும் நேரே கொடுப்பதில்லை. கீழே வைப்பார்கள், அவர் எடுத்துக்கொள்வார். பெண் கொடுக்க வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், தேநீர் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

அடுத்த ஆவணி வந்தது. நான் குறித்த தேதிக்கு மறுநாள் அண்ணன் போன் எடுத்தார்.

"நேத்து பெரட்டுல என் பேரக் கூப்பிடல, பாப்பா. எல்லாரையும் கூப்பிட்டாரு. நான் முன்னாலதான் நின்னேன்."

காலைப் பெரட்டு என்பது ஆள் கணக்கெடுப்பு. ஆறு மணிக்கு எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார். இருபது வருடமாக ஒரு நாளும் தவறாத பேர்.

"மறந்திருப்பாருண்ணே."

"அதத்தான் அவரும் சொன்னாரு. பனி வேற. ஆளே தெரியாத பனி."

செவ்வாய்க்கிழமையா என்று நான் கேட்கவில்லை. நாட்காட்டியைப் பார்த்தேன். அவர் சொன்ன நேற்று புதன்கிழமைதான். நாளாவது பொருந்தவில்லையே என்று எனக்கு எத்தனை நிம்மதி, தெரியுமா? நேரம் பொருந்தியதை நினைத்துப் பார்க்கவே கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் என்னை நேர்முகத்துக்கு அழைத்தார்கள். அதிகாரி நல்ல பெண்மணி. என் கோப்பில் இருந்த அறிவித்தலைக் கையில் எடுத்து, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றார். பிறகு கோப்பை மூடிவிட்டு, வெறும் அன்பினால் ஒன்று கேட்டார். உங்கள் அண்ணன் எப்படிப்பட்டவர்?

நான் அழுதேன். நடிப்பு என்று நினைக்காதீர்கள்… நெஞ்சு வெடிக்க அழுதேன்! மழையில் என்னைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்ததைச் சொன்னேன். தன் பங்கு முட்டையை என் தட்டில் ஒளித்து வைத்ததைச் சொன்னேன். இருந்தார், செய்தார், சிரித்தார்… எல்லாம் இறந்த காலம். என் வாழ்நாளில் அண்ணனைப் பற்றி அத்தனை அன்பாக நான் பேசியது அந்த அறையில்தான். வெளியே வந்தபோது மனம் காலியாகிவிட்டிருந்தது. கருமாதி முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு இருக்குமே, அந்த வெறுமை.

வதிவுரிமை கிடைத்தது. முதல் வேலையாக ஊருக்குப் போனேன். பதுளை ரயில் நிலையத்தில் இறங்கினேன். மேடையின் கோடியில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் என்னை நோக்கி வந்தார். பையை வாங்கக் கை நீட்டினார்.

நான் பின்வாங்கினேன். ஓரடி இல்லை, இரண்டடி! செத்துப் போனவர் எப்படி வருவார் என்று என் மனம் கேட்டது… சத்தியமாகக் கேட்டது.

அண்ணன் அதைப் பார்த்தார். நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"கீழ வை, பாப்பா. நான் எடுத்துக்கிறேன்," என்றார்.

பையைக் கீழே வைத்தேன். ஏன் வைத்தேன்? கையில் கொடுத்திருக்கலாமே! வீட்டில் அந்த அறிவித்தலைக் கழற்றப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளக்கு ஏத்துன படம்டி. கழட்டக் கூடாது. அவனுக்கு ஆகாது."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். அண்ணன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வாரம் இருந்துவிட்டு விமானம் ஏறினேன்.

இப்போது ஞாயிறுதோறும் காலையில் வீடியோவில் கூப்பிடுகிறேன். அங்கே அது பொழுது சாயும் நேரம், லயத்துக்குள் பனி இறங்கியிருக்கும். அண்ணன் பேசுவது குறைந்துவிட்டது. போன வாரம் அம்மாவிடம், அண்ணன் எங்கே என்று கேட்டேன்.

"இங்கதான இருக்கான். சாப்புட்டுக்கிட்டு இருக்கான், பாரு," என்று போனைத் திருப்பினாள்.

திரையில் சுவர் தெரிந்தது. விளக்கு தெரிந்தது. பொட்டு வைத்த படமும், அதன் கீழே நான் குறித்துக் கொடுத்த நாளும் நேரமும் தெரிந்தன. படத்துக்கு அடியில் அண்ணன் உட்காரும் பலகை இருந்தது. சோற்றுத் தட்டு இருந்தது. பலகையின் மேல் ஆளைத் தேடி வெகுநேரம் உற்றுப் பார்த்தேன்.

"தெரியுதாடி?"

வெளிச்சம் போதவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்… ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொள்கிறேன்.

"தெரியுதும்மா," என்றேன்.