காற்று பார்க்கும் பவுடரக்கா

டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கி ஓர் அழுத்து. பொசுக்கென்று கிளம்பிய வெள்ளைப் பவுடர் அந்தரத்தில் ஒரு கணம் யோசித்து நின்றது. பிறகு இடப்பக்கம் சாய்ந்து, பேருந்துக்குக் காத்திருந்த மூக்குக்கண்ணாடிக்காரரின் தோளில் போய் உட்கார்ந்தது. "தப்பா நினைக்காதீங்க சார், காத்து உங்க பக்கம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, அதைத் தன் முந்தானையால் தட்டிவிட்டார் பவுடரக்கா. மூக்குக்கண்ணாடிக்காரர் தும்மினார்.

குழந்தைகளுக்குப் பூசுகிற சாதாரண பவுடர்தான். அக்கா போகிற இடமெல்லாம் அதுவும் போகும். ஆஸ்பத்திரி வராண்டாவானாலும் சரி, சொந்த அடுப்படியானாலும் சரி, காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் அவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. "வாசனைக்குக் காலா இருக்கு நடந்து வர? காத்து மேல ஏறித்தான் வரும். வண்டி எந்தப் பக்கம் போவுதுன்னு தெரிய வேணாமா?" என்பார்.

இறந்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் நாய்களுக்கும், அந்த நாய்களின் வாரைப் பிடித்து நடப்பவர்களுக்கும் பயிற்சி கொடுப்பவர் அவர். வெள்ளம் வடிந்த பிறகும், மண் சரிந்த பிறகும், காணாமல் போனவர் உயிரோடு கிடைப்பார் என்ற நம்பிக்கை வற்றிப் போகும்போதுதான் அவரைக் கூப்பிட ஆள் வரும். முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வளர்ந்த மனிதர்களை வரிசையில் நிறுத்திக் கையைப் பின்னால் கட்டச் சொல்கிற பழக்கம் இன்னும் விடவில்லை. "நாய் கற்பூரம் மாதிரி, டக்குனு பிடிச்சுக்கும். இந்த மனுசங்கதான் ஈர விறகு" என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அவர் வீட்டில் இரண்டு குளிர்பெட்டிகள். ஒன்று அடுப்படியில். இன்னொன்று பின்கட்டுக் கொட்டகையில், பூட்டோடு. பல் டாக்டர் பிடுங்கிப் போட்ட பற்கள், ரத்தம் தோய்ந்த கட்டுத்துணிகள், சின்னச் சின்ன மூடி போட்ட பாட்டில்களில் ஏதேதோ. எல்லாம் நாய்களுக்கான பாடப்புத்தகம். உறவில் யாருக்காவது பிரசவம் என்றால் அக்கா ஒரு கையில் குழந்தைக்குச் சட்டையும் மறு கையில் காலி டப்பாவுமாகப் போய் நிற்பார். "நஞ்சுக்கொடியை எப்படியும் தூக்கித்தானேடி போடுவாங்க, எனக்குக் குடுத்துரு. உன் பிள்ளை பிறக்கும்போதே ஊருக்கு உபகாரம் பண்ணினதா இருக்கட்டும்." தம்பி மனைவி முகத்தைச் சுளித்தாள், ஆனால் கொடுத்தாள். நாத்தனார் ஒருமுறை ஐஸ் கட்டி தேடிப் போய்க் கொட்டகைப் பெட்டியைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்துதான் அந்தப் பூட்டு. நாத்தனார் இப்போதும் வருகிறார், பாசத்துக்குக் குறைவில்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் தன் வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிடுகிறார்.

பூட்டைப் போட்டவர் அக்காவின் கணவர். தொழிலே அதுதான், கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர். எதற்காக இந்த வேலையைப் பிடித்துக்கொண்டீர்கள் என்று கேட்பவர்களிடம் அக்கா அவரைக் கைகாட்டுவார். "வீட்டுல ஒருத்தர் திரும்பி வரலைன்னா, ராத்திரி கதவைப் பூட்ட மனசு வருமா? தாழ்ப்பாள் மேல கையை வெச்சுட்டு நிப்பாங்க. பூட்டுக்காரர் பொண்டாட்டிக்கு இது தெரியாதா?" பூட்டுக்காரர் தலை நிமிராமல் சாவியை ராவிக்கொண்டிருப்பார்.

பயிற்சி நடப்பது கைவிடப்பட்ட குழாய்க் கிடங்கில். சிமெண்ட் குழாய்களில் ஏதோ ஒன்றில் பல் இருக்கும். எதில் என்பது அக்காவுக்கே தெரியாது. பூட்டுக்காரர் முன்னாலேயே வந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். "தெரிஞ்சவன் கண்ணு காட்டிக் குடுத்துரும். நாய் குழாயை மோந்து பார்க்காது, நம்ம மூஞ்சிய மோந்து பார்க்கும்" என்பது அக்காவின் முதல் பாடம்.

இந்தப் பாடத்தில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டவர் தபால்காரர். "காலம் பூரா நாய் என்னைத் துரத்துச்சு. இப்ப நான் அது பின்னாடி ஓடுறேன்" என்று சிரிக்கிற, இளகிய மனசுக்காரர். அவருடைய கறுப்பு நாயின் பெயர் மகாராணி. ஒருநாள் அக்கா எந்தக் குழாயிலும் எதையும் வைக்க வேண்டாம் என்று பூட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். தபால்காரருக்கு அது தெரியாது. தேடித் தேடி ஒன்றும் அகப்படாமல், வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், ஒரு குழாயருகே நின்று நின்று பார்த்தார். மகாராணி அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு 'இதோ' என்பதுபோல் அந்தக் குழாய்முன் உட்கார்ந்தது.

"நாய் பொய் சொல்லலைங்க" என்றார் அக்கா. "நீங்க ஆசையாக் கேட்டீங்க, அது குடுத்துருச்சு. ஒருத்தங்க வீட்டு வாசல்ல போய் இப்படிப் பண்ணினா என்னாகும்?"

தபால்காரர் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

மழைக்காலம் முடிந்த கையோடு அந்தக் கேள்விக்கு நேரம் வந்தது. வாய்க்கால் உடைத்துக்கொண்ட அன்று வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய பெயிண்டர் ஒருவரைக் காணவில்லை. வாய்க்கால் வளைவில், முள்வேலியில் அவருடைய தோள்பை சிக்கியிருந்தது. அங்கேயேதான் எல்லோரும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பெயிண்டரின் உடன்பிறந்த அக்காவான தையல்காரம்மா வேலையை விட்டுவிட்டு நாள்தோறும் வந்து வேலியைப் பிடித்தபடி நின்றார்.

"இங்கதான் சார், இங்கதான் இருக்கான். எனக்குத் தெரியும்" என்று தபால்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகாராணி வளைவை முகர்ந்தது. ஒன்றுமில்லை. தபால்காரர் திரும்பவும் அழைத்து வந்தார். அப்புறமும் ஒன்றுமில்லை. மறுபடி வேலியருகே வந்தபோது அவர் நடை தளர்ந்தது, கண் வேலிக்குப் போனது. மகாராணி தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது.

"கையைப் பைக்குள்ள விடுங்க" என்றார் பவுடரக்கா. "வானத்தைப் பாருங்க. நடங்க."

அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். நாய் உட்காரவில்லை. அக்கா தையல்காரம்மாவிடம் போய், "இங்க இல்லம்மா" என்றார்.

"உங்க நாய்க்கு என்ன தெரியும்? அவன் பை இங்க இருக்குல்ல? பொத்திப் பொத்தி வளர்த்தவ நான் சொல்றேன், இங்கதான் இருக்கான்!"

இல்லை என்று சொல்வதுதான் இந்தத் தொழிலில் ஆகக் கஷ்டமான காரியம் என்று பவுடரக்கா நெருங்கியவர்களிடம் சொல்வதுண்டு. அந்த அம்மா கத்தி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு, "பை மிதக்கும்மா. ஆள் மிதக்கணும்னு இல்ல. தண்ணி வந்த பக்கமா கொஞ்சம் மேல போய்ப் பார்க்கிறோம், நீங்களும் வாங்க" என்றார்.

வெயில் ஏறியதும் காற்று திரும்பியது. அக்கா அழுத்திய பவுடர் வாய்க்காலின் மேற்புறத்திலிருந்து அவர்கள் முகத்தை நோக்கி வந்தது. எல்லோரும் அதற்கு எதிராக, கரையோரமாக நடந்தார்கள். உடைந்த நடைப்பாலத்தைத் தாண்டியதும் மகாராணியின் மூக்கு உயர்ந்தது, வால் விறைத்தது. வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு மரம். அதன் கிளைகளில் தண்ணீர் கொண்டுவந்து ஒதுக்கிய சேறும் குப்பையும் ஆள் உயரத்துக்குக் காய்ந்து கிடந்தன. மகாராணி அதைச் சுற்றி ஓடி, ஓரிடத்தில் நின்று, ஆழ இழுத்து முகர்ந்து, உட்கார்ந்தது. தபால்காரர் அப்போதும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் தோளைத் தொட்டு அவரைத் திருப்பினார்.

மீட்புப் படையினர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே தோண்டினார்கள். பெயிண்ட் தெறித்த ஒரு கால்சட்டை முழங்கால் தெரிந்தது. தையல்காரம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. பவுடரக்காவை நிமிர்ந்து பார்த்து, "இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்ல?" என்று கேட்டார்.

"கூட்டிட்டுப் போகலாம்மா" என்றார் அக்கா.

மகாராணி இன்னும் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை. வால் மட்டும் மண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தது. ஒளிந்துபிடித்து விளையாட்டில் ஜெயித்த பிள்ளையாகத் தபால்காரரையே பார்த்தது. அவரோ முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விளையாடணும் அதுகூட" என்றார் அக்கா தாழ்ந்த குரலில்.

"இப்பவாக்கா? அந்தம்மா முன்னாடி எப்படிக்கா..."

"இப்பவேதான். அதுக்கு இழவும் தெரியாது, துக்கமும் தெரியாது. வேலையை ஒழுங்காச் செஞ்சிருக்கு. கூலி குடுக்காம விட்டா அடுத்த தடவை எதுக்குத் தேடணும்?"

தபால்காரரால் முடியவில்லை. அக்கா அவர் கையிலிருந்து வாரை வாங்கிக்கொண்டு, சாலையோரம் நின்ற மீட்பு வண்டிக்குப் பின்னால் நாயை அழைத்துப் போனார். தோள்பையிலிருந்து முறுக்கிய துண்டு ஒன்றை உருவி ஒரு முனையை மகாராணிக்கு நீட்டினார். அது கவ்வி இழுத்தது, அக்காவும் இழுத்தார். புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, சேற்றுக் காலோடு குதித்துக் குதித்துச் சுற்றினார். அவர் வாய் ஆகாயமளவு திறந்து, 'என் தங்கமே, என் ராசாத்தி' என்று திரும்பத் திரும்ப அசைந்துகொண்டிருந்தது, வண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் கேட்காமல்.