மெக்கானிக் செத்த வாரம்

ஒரு தொடரை ஒரு காட்சி கூடப் பார்க்காமல் அதற்கு ரசிகையாக இருக்க முடியுமா? என் அக்கா ஆறு வருஷம் இருந்தாள்.

தொடர் ஆங்கிலத்தில் வருவது. ஒரு விண்வெளிக் கப்பல் கிரகம் கிரகமாகப் போய்க்கொண்டே இருக்கும். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஆரம்பித்தார்கள், இன்னும் முடித்தபாடில்லை. எனக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை. வெள்ளிக்கிழமை புது எபிசோட் வந்தால், சனிக்கிழமை காலையில் பல் விளக்குவதற்கு முன்பே பார்த்துவிடுவேன். பிறகு ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்துக்குப் போவேன். போன சீசனில் இடப்பக்கம் திறந்த கதவு இந்த சீசனில் ஏன் வலப்பக்கம் திறக்கிறது என்று அங்கே முகம் தெரியாத மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். நானும் லேசுப்பட்டவன் இல்லை, என் பங்குக்கு நாலு உடைப்பேன்.

பத்து மணிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்காவின் போன் வரும். அவளுக்கு அங்கே நிலம். விதைக்கு மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) உரிக்கவோ, புளி தட்டவோ பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு முறத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். நான் அந்த வாரக் கதையைச் சொல்ல வேண்டும். விளையாட்டாக ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை விட்டுப்போனால் ஆபீசுக்கே போன் வரும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அவர்கள் கேட்ட கேள்விகள்தான் எனக்கு அதிசயம். கப்பலில் யார் சமைக்கிறது? மூணு கை இருக்கிற பொம்பளைக்கு ஜாக்கெட் எப்படித் தைப்பார்கள்? இத்தனை வருஷமாக வீட்டை விட்டுக் கிளம்பியவர்களைத் தேடி ஒரு ஆளும் வரவில்லையா? இணையத்து மேதாவிகள் ஒருவருக்கும் இது தோன்றியதில்லை. யார் சமைக்கிறது என்ற கேள்வியை ஒருமுறை அங்கே எடுத்துப்போட்டேன். ஒரு வாரம் சண்டை ஓயவில்லை.

அக்காவுக்குப் பிடித்தவன் கப்பலின் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவன். அவனுக்கு ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. அவளுக்கு அவன் மெக்கானிக்குதான். எஞ்சின் நின்றுபோனால் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே சரி பண்ணுவான். அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமாவும் அப்படித்தான். மாமாவுக்குப் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் வேலை. கிணற்றுக்குள் இறங்கினால் மோட்டாரின் வம்சத்தையே இழுத்துவிட்டுத்தான் மேலே வருவார். "இவர மாரியே ஒருத்தன் மேலயும் இருக்கான் பாரு" என்று அக்கா சிரிப்பாள். மாமா, வேலையத்த பேச்சு என்பார். ஆனால் மெக்கானிக்கு வரும் கட்டத்தில் தானும் வந்து காது கொடுத்துவிட்டுப் போவார்.

பிறகு மாமா ஆஸ்பத்திரியில் படுத்தார். ஈரல் கெட்டுவிட்டது. ஒரு வியாழக்கிழமை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பத்து நாள் தாங்கினால் அதிகம் என்றார். எங்கள் குடும்பத்தில் இந்த மாதிரிச் செய்தி ஆம்பளைகளோடு நின்றுவிடும். கட்டினவளிடம் கடைசி வரைக்கும் சொல்ல மாட்டோம். சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று நாங்களே முடிவு பண்ணிக்கொள்வோம். வெளியே வந்து, மருந்து கேக்குதாம்க்கா என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த எபிசோடில் மெக்கானிக்கு செத்துப்போனான். இணையத்தில் ஒரே ஒப்பாரி. ஒருத்தர் தன் முகப்புப் படத்தைக் கறுப்பாக்கினார், ஒருத்தர் இனி இந்தத் தொடரைப் பார்ப்பதே இல்லை என்று சத்தியம் செய்தார். எனக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா கேட்டாள், இந்த வாரம் இன்னா ஆச்சு என்று. மெக்கானிக்கு வேறொரு கிரகத்தில் எஞ்சின் ரிப்பேருக்குப் போயிருக்கிறான், வர நாளாகும் என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது.

வயலில் மல்லாட்டை முற்றிக் கிடந்தது. மழை வரும்போல இருந்தது, விட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். மருந்து கேக்குதே, ரெண்டு நாள் போய்ப் பிடுங்கிப் போட்டுவிட்டு வருகிறேன் என்று அக்கா ஊருக்குக் கிளம்பினாள். நான் தடுக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் மாமா போய்விட்டார். பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அக்காவிடம் சொன்னேன்.

முப்பதாம் நாள் கழிந்து ஒரு சனிக்கிழமை அவளே போன் செய்து, மெக்கானிக்கு திரும்பி வந்துட்டானா என்று கேட்டாள். அதற்கு மேல் அவனை எப்படிச் சாகடிப்பது? மூன்று வருஷம் நானே கதை கட்டினேன். அந்தக் கிரகத்தில் பட்டறை போட்டான், அந்த ஊர்ப் பாஷை கற்றுக்கொண்டான், அங்கிருந்த எஞ்சின்களையும் திட்டினான். பெண்களுக்கு மற்றதையெல்லாம் விட அந்தக் கதைதான் ருசித்தது. அந்தச் சந்தோஷத்தில், பொய் சொல்கிறோம் என்பதையே நான் மறந்துவிட்டேன்.

போன மாதம் சென்னையில் இருக்கும் அக்கா மகள் ஊரில் அம்மாவுக்கு ஒரு பெரிய டிவி வாங்கிக் கொடுத்தாள். தொடரும் இந்த சீசனிலிருந்து தமிழில் பேசுகிறதாம். "இனிமே நீ தொண்ட தண்ணி வத்தக் கத்த வேணாம்டா, சனிக்கெழம நாங்களே பாத்துக்கறோம்" என்றாள் அக்கா. புது எபிசோடின் முதல் காட்சியே மெக்கானிக்கின் நினைவு நாள் என்று இணையத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் டிவியைப் போடுவதற்கு முன் நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். அன்றைக்குப் பௌர்ணமி. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் அதைப் போய் மறப்பானா? மறந்தேன். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நடந்து, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை.

டிவி அணைந்திருந்தது. பெண்கள் தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தார்கள். டிவிக்காரன் கதையைத் தப்பா எடுத்துட்டான் என்று ஒருத்தி என்னிடம் புகார் சொன்னாள். அக்கா அவர்களை, சாப்பிட்டுட்டு வாங்க என்று அனுப்பிவைத்தாள். அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் உரித்துக்கொண்டே இருந்தாள்.

"எந்த வாரம்டா செத்தான் அவன்?"

சொன்னேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"டாக்டர் உன்ன மட்டும் கூப்ட்டாரே, அந்த வாரமா?"

"ஆமாக்கா."

"அன்னிக்கே தெரியும் உனக்கு."

தலையை ஆட்டினேன். மல்லாட்டை மண்ணிலேயே முளைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்திருப்பேனே என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம் என்று இருந்தது. நிஜத்தைச் சொல்ல வாய் வரவில்லை என்றால் கதையிலாவது அவனைச் சாகடித்திருக்கலாமே, நான் புரிந்துகொண்டிருப்பேனே என்றாள்.

பிறகு, மெக்கானிக்கு எப்படிச் செத்தான் என்று கேட்டாள். ஒன்றையும் விடாமல் சொன்னேன். எஞ்சின் அறையில் மாட்டிக்கொண்டான், கதவுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் நின்றார்கள், அவர்களோடு பேசிக்கொண்டே செத்தான்.

"உங்க மாமா?"

தூக்கத்தில் போகவில்லை என்றேன். நினைவு இருந்தது. அவ எங்கடா என்று ரெண்டு தடவை கேட்டார்.

"நீ இன்னா சொன்ன?"

"நீ வந்துட்டிருக்கேன்னு சொன்னேன்க்கா."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒரு போன் பண்ணியிருந்தா அது நெசமாயிருக்கும்டா" என்றாள்.