பால்காரம்மாவின் கை

நான் சின்னமனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றிய அம்மாள் நெட்டையாக, எலும்பும் தோலுமாக இருப்பாள். தன் எருமைகளையெல்லாம் தனியாளாகவே கறந்தாள். செம்பைக் கீழே வைத்ததும் ஈரத்தை உதறுவது போல வலது கையை உதறிக்கொள்வாள். பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன என்பாள். வைத்தியர் மணிக்கட்டில் சூடு போட்டும் தீரவில்லை.

விரல் மரத்துப்போனால் குஷ்டம்தான் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. வீடு வீடாகப் பாலை நிறுத்தினார்கள். ஒருநாள் காலையில் என் மாமியாரும் பாத்திரத்தை நீட்டவில்லை.

“இனிமே பாலு வேணாம்த்தா. ஒனக்கு அந்த நோவுன்னு சொல்றாக.”

“மேலுல ஒரு தேமலு இருக்கா, பாருங்க ஆத்தா. இந்தச் சுண்டு வெரலக் கிள்ளுங்க. நான் கத்துற கத்துல எருமையே ஓடிரும்.”

மாமியார் சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற என்னிடம் பால்காரம்மா கையை நீட்டினாள்.

“நீயாச்சும் தொட்டுப் பாரு தாயி.”

“ஏத்தா, நீ உள்ள போ” என்றார் மாமியார். போனேன்.

எருமைகளை விற்றுவிட்டு அவள் எங்கே போனாளோ, தெரியவில்லை.

இப்போது எனக்கும் அதே மூன்று விரல்கள் மரக்கின்றன. தேனி டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். உள்ளே நரம்பு நெருக்குப்படுகிறதாம். பட்டை கட்டினால் குறையுமாம், இல்லையென்றால் சின்ன ஆபரேஷனாம். யாருக்கும் ஒட்டாதாம்.

கடைசியாகச் சுண்டு விரலைக் கிள்ளினார். என் கண் நிறைந்துவிட்டது.

“மெதுவாத்தானே கிள்ளுனேன் பாட்டி?” என்றார்.