அத்தான் கையால் காட்டிய மீன்

அத்தானின் எட்டுச்செலவுக்குத் தேம்ஸ் ஆற்றில் பிடித்த சால்மன் மீன் வைக்கவேண்டும் என்று அக்கா சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இறந்தவருக்கு எட்டாம் நாளில் அவர் விரும்பியதையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைக்கிற சடங்கு அது. ஆட்டிறைச்சிக் கறி வைக்கலாம், நண்டு வைக்கலாம், அவர் ரசித்துக் குடிக்கிற விஸ்கியில் ஒரு கிளாஸ் ஊற்றி வைக்கலாம். சால்மன்தான் வேண்டுமென்றால் விடிய எழும்பி மீன் சந்தைக்குப் போனால் நல்ல மீனாக வாங்கலாம். இதைத்தான் அக்காவிடம் சொன்னேன்.

"கடை மீன் வேண்டாம் தம்பி. அந்த ஆத்தில பிடிச்சதுதான் வேணும். அவரோட எத்தினை வருசம் போய் வந்தனீ, ஒண்டைப் பிடிக்க ஏலாதோ?"

அழாமல் கேட்டாள். பெற்றோல் ஷெட்டில் வேலையில் நின்றபடியே அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள், பிள்ளைகளைக் குளிக்க வார்த்தாள். பார்க்கப் பயமாக இருந்தது.

அவள் ஏன் அந்த மீனைக் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

நெடுங்காலம் சாக்கடையாய்க் கிடந்த தேம்ஸைத் துப்புரவாக்கி, சால்மன் குஞ்சுகளை விட்டு, அவை கடலுக்குப் போய்ப் பெரிய மீன்களாகத் திரும்பி வருகின்றன என்று எண்பதுகளில் பேப்பர்க்காரர்கள் புளுகித் தள்ளினார்கள். அதை வாசித்த நாளிலிருந்து அத்தானுக்குப் பைத்தியம் பிடித்தது. ஊரில் நாங்கள் அறிந்த சால்மன் தகர ரின்னுக்குள் பிறந்து ரின்னுக்குள் வளர்ந்தது. உயிரோடு ஒன்றைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று தூண்டில் தடியும், ரீலும், அனுமதிச் சீட்டும் எடுத்துக்கொண்டு, கோடையில் லீவு கிடைத்த நாளெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எங்கள் வீடிருந்த பிளேஸ்டோவில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறினால் ரிச்மண்டில் இறக்கிவிடும். அங்கிருந்து பஸ் பிடித்து அணைக்கட்டுக்குப் போவோம். அங்கே ஏற்கெனவே வெள்ளைக்காரர்கள் வரிசையாய் நிற்பார்கள். ஒருவருடைய தூண்டிலிலும் ஒன்றும் கொழுவாது. வருடத்துக்கு வருடம் மீன் குறைந்ததுதான் மிச்சம். குறையக் குறைய அவர்களுடைய முகங்கள் எங்கள் பக்கம் திரும்பின. பிடிக்கிறதையெல்லாம் தின்றுவிடுகிறவர்கள் என்று எங்களுக்குப் பெயர். தின்ன ஒன்று கிடைத்திருந்தால் அந்தப் பழியையாவது சந்தோசமாய் ஏற்றிருப்பேன்.

முந்திய கோடையில் எனக்கு ஷிப்ட் இருந்த ஒரு நாள் அத்தான் தனியே போனார். நனைந்துபோய் ஓடி வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் நின்று இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினார். "இவ்வளவு! கொழுவினது, கரைக்குக் கிட்ட வந்தது, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போட்டுது!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது அக்காதான். "ரின்னோட வந்ததோ, ரின் இல்லாமல் வந்ததோ?" என்று கேட்டாள். அதன்பிறகு வருகிற போகிற சனத்துக்கெல்லாம் கையை அகட்டிக் காட்டிச் சிரிக்க வைப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அத்தானும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் வீட்டில் அந்த மீனைப் பற்றிப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. ஆற்றுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தார்.

எட்டுச்செலவு ஒரு வியாழக்கிழமை விழுந்தது. லண்டனில் வியாழக்கிழமை யாருக்கு வசதி? ஒருவருக்கு ஷிப்ட், ஒருவருக்குக் கடை, இன்னொருவர் பேர்மிங்ஹாமிலிருந்து வரவேண்டும். பிறந்தநாளையும் பூப்புனித நீராட்டையும் தள்ளுகிற மாதிரி இறந்தவரின் நாளையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார்கள் எங்கள் ஆட்கள். அக்கா மட்டும் "அவருக்குத் தெரியுமோ நாள் மாத்தினது?" என்று கேட்டாள்.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் நான் ஆற்றங்கரையில் நின்றேன். வெயில் கொளுத்தியது. தண்ணீர் வற்றிப் பாசி மணத்தது. ஒன்றும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை வேலை. சனிக்கிழமை பின்னேரம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மழை பெய்தால் மீன் ஏறும் என்று அத்தான் சொல்லுவார். ஞாயிறு காலை முதல் ரயிலில் அவருடைய தடியோடு ஏறினேன். மத்தியானத்துக்குள் கொண்டுவருவேன் என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போக, அதைத் தள்ளிக்கொண்டு போகலாம் போல இருந்தது.

அணைக்கட்டின் கேற்றில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. தண்ணீர் குறைவு, மீன் மிகக் குறைவு, ஆகையால் இந்த வருடம் சால்மன் பிடிப்பது வெள்ளிக்கிழமையோடு நிறுத்தம். முறைப்படி சீசன் முடிய இன்னும் நாள் கிடந்தது.

வியாழக்கிழமையே படைத்திருந்தால், ஆறு திறந்திருந்தது, நின்று பார்த்தேன், மீன்தான் வரவில்லை என்று சொல்லவாவது ஒரு வாயிருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை. கேற்றடியில் வழக்கமாக வருகிறவர்கள் கூடி நின்று ஆற்றுக் காவலரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மழை பெய்து ஆறு பெருகுகிற நேரம் பார்த்தா பூட்டுகிறீர்கள் என்று ஒருவர் கத்தினார். காவலர், உத்தரவு தன்னுடையதல்ல, தடி போட்டால் வழக்குத்தான் என்று சொல்லிவிட்டு அணைக்குமேல் பாலத்தில் ஏறி நின்றுகொண்டார்.

அந்தக் கூட்டத்தில் பஸ் ஓட்டுகிற பெரிய உடம்புக்காரர் ஒருவர் இருந்தார். எங்களை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்க்காதவர். அவர் என்னிடம் வந்து, உன்னோடு வருகிற மூத்தவர் எங்கே என்று கேட்டார். செத்துப்போனார் என்றேன். தொப்பியைக் கழற்றினார். இன்றைக்கு இந்த ஆற்று மீனை அவருக்குப் படைக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் அணைக்குக் கீழே ஓரிடத்தைக் காட்டினார். பிறகு, போன வருடம் உன் மூத்தவர் ஒன்றைத் தவறவிட்டார், நான் பக்கத்தில்தான் நின்றேன், நல்ல சால்மன் என்றார்.

"அப்படியென்றால் ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை?" என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன்.

சொல்லியிருந்தால் மறுநாள் அந்த இடத்தில் காலூன்ற இடமிருக்காது என்றார். தூண்டில்காரனின் நியாயம். அவரை ஆற்றில் தள்ளிவிடவேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் அது பாய்ந்தது. அணையின் வெள்ளை நுரைக்குள்ளிருந்து வெள்ளிப் பாளம் போல ஒரு மீன் எழும்பி, சுவரில் மோதி, திரும்ப விழுந்தது. கத்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் கரை விளிம்புக்கு ஓடி வந்தார்கள். என்னிடமிருந்து நாலு பாகத் தூரத்துக்குள், ஒரு வீச்சுக்கு எட்டுகிற இடத்தில் விழுந்தது. தடி என் கையில். பஸ்ஸால் இறங்கின அவசரத்திலேயே பூட்டிவிட்டிருந்த, மினுங்கும் தகட்டுத் தூண்டில் நரம்பில் தொங்கியது.

போடு என்றார் பஸ்காரர் மெதுவாக. நான் பார்க்கவில்லை என்று முதுகைத் திருப்பினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பாலத்தில் காவலர் மட்டும் என்னையே பார்த்தபடி நின்றார். என் அகதி வழக்கு அப்போது முடிவாகவில்லை. ஒரு போலீஸ் பதிவு விழுந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு ஆண்துணையென்று இந்த நாட்டில் இனி நான் ஒருவன்தான் என்பதும் தெரியும். மீன் மறுபடி பாய்ந்து, அணைச் சுவரைத் தாண்டி, மேல் தண்ணீருக்குள் போய்விட்டது. நான் தடியைக் கழற்றி உறைக்குள் வைத்தேன்.

வீட்டுக்குப் போனபோது இலை போட்டாயிற்று. சோறு, இறைச்சி, நண்டு, விஸ்கி எல்லாம் இருந்தன. இலையின் ஒரு பக்கத்தை அக்கா வெறுமையாக விட்டிருந்தாள். என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"ஆத்தைப் பூட்டிப்போட்டாங்கள் அக்கா," என்றேன். "ஆனால் மீன் வந்தது. என்ர கண்ணுக்கு முன்னால பாய்ஞ்சது. போன வருசம் அத்தான்ர தூண்டிலில கொழுவினதும் உண்மைதான். பக்கத்தில நிண்ட வெள்ளைக்காரன் சொன்னவன்."

ஆட்கள் எங்களைச் சுற்றிக் கூடினார்கள்.

"எவ்வளவு பெரிசு?" என்று கேட்டாள் அக்கா.

இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா கிட்ட வந்து என் கைகளுக்கு நடுவிலிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இவ்வளவுதான் காட்டினவர்," என்றாள். "இதே அளவுதான். நான்தான் சிரிச்சனான்."

அப்படியே நிலத்தில் குந்திக் குழறி அழத் தொடங்கினாள். நான் கையை இறக்கவில்லை.