கெட்டிலுக்குக் கொடுத்த ஐஸ் தண்ணீர்

பத்து வயதில் ஏழாம் வாய்ப்பாடு எனக்குத் தகராறு. ஆனால் ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், மண் சிவந்து கிடக்கும் ஒரு மாட்டுப் பண்ணையில் நான்கு தலைமுறையாகக் குதிரைகளை எப்படி வளர்த்தார்கள் என்று கேட்டால் மளமளவென்று சொல்வேன். யாரும் கேட்டதில்லை. அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா? புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி ரயிலில், மின்தூக்கியில், சாப்பாட்டு மேசையில் என்று இடம் பார்க்காமல் சொன்னேன். “மூச்சு விட்டுட்டுப் பேசுடி,” என்பார் அம்மா.

எல்லாம் சித்தியால் வந்தது. சித்தி அம்மாவின் தங்கை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. பூ, மருந்து, கைத்தொலைபேசி என்று எது வந்து இறங்கினாலும் அவருக்கு ஒன்றுதான். குதிரை இறங்கினால் மட்டும் ஆளே மாறிவிடுவார். பள்ளி நாளிலிருந்தே குதிரையேறுகிறவர். சொந்தக் குதிரை கிடையாது. கிராஞ்சியில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் விடுமுறை நாளெல்லாம் கொட்டில் கழுவி, அதற்குப் பதிலாக ஏறக் கற்றவர்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. தடை தாண்டும் போட்டியில் நாட்டு அணியில் இடம். முதல் தேர்வில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. அடுத்த தடவை, அவர் பழக்கி வைத்திருந்த குதிரையை அதன் சொந்தக்காரர் தேர்வுக்கு முன்பே விற்றுவிட்டார். “இதுதான் கடைசி, அக்கா. இதுவும் இல்லன்னா நான் குதிரைப் பேச்சே எடுக்கமாட்டேன்,” என்று அம்மாவிடம் அவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கடைசி முயற்சிக்கு வந்த குதிரைதான் கெட்டில். செம்பழுப்பு நிறப் பெண்குதிரை, நெற்றியில் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல் ஒரு வெள்ளை. கிராஞ்சிப் பள்ளியின் முதலாளியம்மாவை நாங்கள் மேடம் என்போம். சித்தி சொல்லித்தான் மேடம் அதை வாங்கினார். விமானத்திலிருந்து இறங்கிய பெட்டிக்குள் அது காதை முன்னால் நீட்டி சித்தியைப் பார்த்ததாம். “என்னை இன்டர்வியூ பண்ற மாதிரி பாத்துச்சு,” என்றார் சித்தி.

தண்ணீர் காய்ச்சும் கெட்டிலின் பெயர் ஏன்? அந்தப் பண்ணையில் ஒவ்வோர் ஆண்டும் பிறக்கும் குட்டிகளுக்கு ஒரே வகையில் பெயர் வைப்பார்கள். ஓராண்டு பறவைகள், ஓராண்டு காற்று வகைகள். இவள் பிறந்த ஆண்டு சமையலறைச் சாமான்கள். இவளோடு பிறந்தவற்றில் ஒன்றின் பெயர் கரண்டி, ஒன்றின் பெயர் வடிகட்டி! இதை நான் கண்டுபிடித்தது யூடியூபில். அந்தப் பண்ணையில் என் வயதுப் பெண் ஒருத்தி, மூக்கு நிறைய மச்சப் புள்ளிகளோடு, தன் வீட்டுக் குதிரைகளின் கதையைக் காணொளி காணொளியாகப் போட்டுவைத்திருந்தாள். அவற்றைப் பார்ப்பவர்கள் அவள் சொந்தக்காரர்களும் நானும் மட்டும்தான் போலிருக்கிறது.

என்ன கதை அது! அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா மாடு வளர்க்க வந்த இடத்தில், மாட்டை மடக்கக் குதிரை வேண்டியிருந்தது. வாங்கக் காசில்லை, வளர்த்தார். சிங்கப்பூரைப் போலப் பல மடங்கு நிலத்தில், வெயிலில், கல்லில், தண்ணீர் இல்லாமல் நாள் முழுக்க நடக்கிற பெண்குதிரையின் குட்டியைத்தான் வைத்துக்கொள்வார். அழகு பார்க்க மாட்டார், குளம்பு பார்ப்பார். பிறகு இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படைக்குக் குதிரை தேவைப்பட்டது. பண்ணைக் குதிரைகள் கப்பலேறி மதராசுக்குப் போயின. துறைமுகம் சரியாக இல்லாத காலத்தில் கடலிலேயே இறக்கி நீந்தவிட்டார்களாம்! நம் ஆட்கள் அங்கிருந்து கப்பலேறி இந்தப் பக்கம் வர, குதிரைகள் இந்தப் பக்கமிருந்து அங்கே போயிருக்கின்றன. நடுக்கடலில் இரண்டு கப்பல்களும் ஒன்றையொன்று பார்த்திருக்கும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

அப்புறம் மோட்டார் வந்தது. படைக்குக் குதிரை வேண்டாம் என்றாகிவிட்டது. மோட்டார்சைக்கிளும் ஹெலிகாப்டரும் மாடு மடக்க வந்தபின் அக்கம்பக்கப் பண்ணைகள் குதிரைகளைக் கைவிட்டன. இந்தக் குடும்பம் விடவில்லை. பாறை இடுக்குக்குள் ஒளிந்த மாட்டை ஹெலிகாப்டரால் என்ன செய்ய முடியும்? மேலே நின்று சத்தம் போடலாம். அவ்வளவுதானே! உள்ளே போகக் குதிரைதான் வேண்டும். ஆகவே குட்டிகள் பிறந்துகொண்டே இருந்தன, தோளில் பண்ணை அடையாளச் சூடு விழுந்துகொண்டே இருந்தது, மிஞ்சியவை விற்பனைக்குப் போயின. மிஞ்சியவற்றில் ஒன்று கிராஞ்சி வரை வந்துவிட்டது.

வந்து ஐந்து மாதத்தில் கெட்டில் ஊத ஆரம்பித்தாள்.

முதலில் சித்தப்பாதான் கவனித்தார். சித்தப்பா உறைந்த மீனைக் குளிர்வண்டியில் ஏற்றி லிட்டில் இந்தியா உணவகங்களுக்குப் போடுகிறவர். “இது குதிரை இல்ல லா, சோஃபா,” என்றார். “கெட்டில்னு பேரு வெச்சா ஊதாம என்ன செய்யும்?” சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்டில் முன்போலத் தாண்டவில்லை. தடைக்கு முன்னால் வந்து யோசித்தாள். மேடம் தீனியைக் குறைத்து, ஓட்டத்தைக் கூட்டச் சொன்னார். “டூ ஃபேட் லா! சனிக்கிழமை தேர்வுல சரியா தாண்டலன்னா ஜொகூர் வியாபாரிக்குக் கொடுத்துடுவேன்,” என்று என் எதிரிலேயே ஆங்கிலத்தில் சொன்னார்.

ஜொகூர்! பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் மலேசிய ஊர்தான். என் கற்பனையில் அது கசாப்புக்கடையாக விரிந்தது. அன்றிரவு துக்கத்தில் அந்தப் பெண்ணின் பழைய காணொளிகளை மறுபடி ஓடவிட்டேன். ஒன்றில் அவள், ஏதோ வேலி இருந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் பொலிக்குதிரையை ஆண்டில் சில வாரம் மட்டும் பெண்குதிரைகளோடு விட்டு, பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் பிரித்துவிடுவார்களாம். ஒரு வெள்ளம் வந்து வேலியைக் கொண்டுபோய்விட்டது. திரும்பக் கட்ட யாருக்கும் நேரமில்லை. அதிலிருந்து அவன் ஆண்டு முழுக்க அவர்களோடுதான் திரிகிறான். “எங்க வீட்ல எப்போ குட்டி வரும்னு யாருக்கும் தெரியாது,” என்று சிரித்தாள் அவள்.

நான் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

அடுத்த காணொளியில் அவளே வழியும் சொன்னாள். சந்தேகம் இருந்தால் அவர்கள் காலையில் தொட்டிக்கருகே நின்று பார்ப்பார்களாம். சில்லென்ற தண்ணீர் உள்ளே போனதும் குட்டி திடுக்கிட்டு உதைக்கும், விலாவுக்குப் பின்னால் தோல் குதிக்கும்.

மறுநாள் பள்ளி விடுமுறை. சித்தப்பா வண்டியில் ஏறிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கில் தலைவைத்துச் சிரித்தார். “ரத்தம் எடுத்து, சீல் குத்தி, பிளேன்ல ஏத்தி அனுப்பியிருக்காங்க ப்ரொஃபசர். வயித்துல புள்ள இருந்தா தெரியாதா?”

“நோய் இருக்கான்னுதான் பாத்தாங்க, சித்தப்பா. வயித்துல இருக்கான்னு யார் பாத்தா?”

அவர் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. “சரி, ஐஸ்தானே? வண்டி முழுக்க ஐஸ்தான்.”

இங்கேதான் நாங்கள் அசட்டுத்தனம் செய்தோம். கொட்டிலில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, சித்தப்பா பெருமையாக இரண்டு கை ஐஸை அள்ளிப் போட்டார். கெட்டில் முகர்ந்தாள். மேலுதடு சுருண்டது. பல் முழுவதையும் காட்டி, எங்கள் இருவரையும் இதைவிடக் கேவலமாகப் பார்க்க முடியாது என்பது மாதிரி ஒரு பார்வை பார்த்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வாளியிலிருந்து வஞ்சிர மீன் வாடை கிளம்பிக்கொண்டிருந்தது.

“எடுப்பு புடிச்ச கழுதை,” என்றார் சித்தப்பா.

“குதிரை, சித்தப்பா!”

வேறு வழியில்லை. எம்ஆர்டி ரயில் நிலையம் வரை வண்டியை விட்டு, ஒரு பானக்கடையில் கெஞ்சி ஒரு பை நல்ல ஐஸ் வாங்கிவந்தோம். திரும்பும்போது சித்தி வந்துவிட்டிருந்தார், தொப்பியும் காலணியுமாக, கெட்டிலுக்குச் சேணமும் பூட்டிப் பயிற்சிக்குத் தயாராக. “ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?” என்றார். சொன்னால் தடுத்துவிடுவார். வாளியைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, ஐஸைக் கொட்டினேன்.

கெட்டில் குடித்தாள். ஓடிவிட்டு வந்த சவாரிக் குதிரைகளெல்லாம் பொறாமைப்படும்படி, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள். நான் மண்டிபோட்டு விலாவையே பார்த்தேன். ஒன்றுமில்லை. ஈ உட்கார்ந்தது, தோல் சிலிர்த்தது, அதற்கே நான் பாதி எழுந்துவிட்டேன். “பாத்தியா, வெறும் கொழுப்பு,” என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

அப்போது விலாவுக்குப் பின்னால் ஒரு மேடு எழுந்தது. என் முஷ்டி அளவு. எழுந்து, நகர்ந்து, அமுங்கியது. மறுபடியும்!

நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கொட்டில் குதிரைகள் எல்லாம் தலையை வெளியே நீட்டின. “குட்டி! சித்தி, குட்டி! வேலி போச்சு சித்தி, அதான், வெள்ளம் வந்து வேலி போச்சு!” என்று தலையும் வாலும் இல்லாமல் உளறிக்கொண்டே குதித்தேன். சித்தப்பா, “ஐயோ, இது புள்ளத்தாச்சி லா,” என்று பிடித்திருந்த வாளியை அப்படியே கீழே வைத்தார்.

சித்தி கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தார். வைத்தபடியே நின்றார். “யார்கிட்டயாச்சும் சொன்னியா?” என்று கேட்டார்.

“இல்ல சித்தி. நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்.”

சித்தப்பா சித்தியின் முகத்தையும் வெளியே திடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்புறம் சித்தி கைத்தொலைபேசியை எடுத்தார். கெட்டில் சனிக்கிழமை தாண்டமாட்டாள், கால்நடை மருத்துவரை உடனே வரச்சொல்லுங்கள் என்று மேடத்திடம் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். சேணத்தைத் தாமே அவிழ்த்தார். மருத்துவர் வந்து பார்த்து எட்டு மாதம் இருக்கும் என்றார். மேடம் முதலில் தலையில் கைவைத்து, பிறகு “பை ஒன், ஃப்ரீ ஒன்!” என்று ஆர்ப்பரித்தார். ஜொகூர்ப் பேச்சு அத்தோடு போயிற்று.

தேர்வு நடந்த சனிக்கிழமை காலை நாங்கள் எல்லோரும் தேக்கா சந்தையில் வளையல் வாங்கிக்கொண்டிருந்தோம். வளைகாப்பு என் யோசனை. குளம்புக்கு எந்த அளவு வளையல் சேரும் என்று சித்தப்பா கடைக்காரரிடம் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்க, அம்மா சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். சித்தியும் சிரித்தார். நடுவில் இரண்டு மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பச்சையும் சிவப்பும் கலந்து வாங்கி, கயிற்றில் கோத்துக் கெட்டிலின் கழுத்தில் கட்டினோம். மூன்று மாதத்தில் குட்டி பிறந்தது. கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான்கு திசையிலும் விரித்து நின்றது. நான் அதற்குச் சட்டி என்று பெயர் வைத்தேன்.

சித்தி அதன்பின் எந்தத் தேர்வுக்கும் போகவில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. எனக்குத்தான் குட்டி இருந்ததே!

இப்போது எனக்கு வேலை, படிப்பு, என் சொந்தத் தேர்வுகள் என்று வந்துவிட்ட பிறகுதான், கையை விலாவில் வைத்தபடி சித்தி நின்ற அந்த நேரம் அடிக்கடி கண்முன் வருகிறது. வெளியே திடலில் சனிக்கிழமைக்காகத் தடைக்கம்பங்கள் நட்டு வைத்திருந்தார்கள். சித்தி அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டே நாள். ஐந்து மாதமாக அந்த வயிற்றோடு தாண்டியவள்தானே, இன்னும் ஒரு சுற்று தாண்டினால் அணியில் இடம். தெரிந்தவர்கள் மூன்றே பேர், அதில் ஒருத்திக்குப் பத்து வயது. கெட்டில் தண்ணீரைக் குடித்து முடித்து வாளியை மூக்கால் தள்ளி உருட்டினாள். அப்போதும் சித்தியின் கை விலாவிலேயே இருந்தது.

எனக்கோ பொறுமை போய்விட்டது. குட்டிக்கு எத்தனை மாதம் என்று கணக்குப் போட முடியாமல் சித்தி தடுமாறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வராத மாதிரி அவருக்கு இது வரவில்லை. உதவி செய்கிற ஆவேசத்தில் அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். “பதினோரு மாசம் சித்தி! குதிரைக்குப் பதினோரு மாசம்! இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?”